மூக்கு இடமா, வலமா? 450 ஜெட்ரேஞ்சர் ஒன்றின் வால், மோட்டார் கோளாறுகள்: நிகழ்வு ஆய்வு

பெல் 206 ஜெட்ரேஞ்சர் வடிவில் ஃபைபர் கூடு போட்ட 450 வகுப்பு (450 என்பது அளவுப் பிரிவு) ஆர்.சி. ஹெலிகாப்டர், அதாவது ரிமோட்டில் பறக்கும் மாடல், இது. கூடு மாட்டுவதற்கு முன் நன்றாகப் பறந்த மெக்கானிக்ஸ் (கூடு நீங்கலான உள் இயந்திரம்), கூட்டுக்குள் போன பிறகு நான்கு விதமாகத் தொல்லை கொடுத்தது. ஹோவரில் (ஒரே இடத்தில் நின்று பறக்கையில்) வால் நொடிக்கு இரண்டு முறைபோல மெதுவாக இடவலம் ஆடியது. வேகமாக மேலே ஏற்றினால் 'டக்' என்ற சத்தத்தோடு மூக்கு இடப்பக்கம் 30, 40 டிகிரி வெட்டியது. நான்காவது நிமிடத்துக்கு மேல் மோட்டார் அரை நொடி அடங்கி மீண்டும் எழுந்தது. அப்போதெல்லாம் மூக்கு வலப்பக்கம் உதறியது. சில நாட்களில் கிளப்பும்போதே மோட்டார் சுற்றாமல் முன்னும் பின்னும் நடுங்கிவிட்டு நின்றது.

இந்த ஆய்வுக்கு முன்பே கைரோவின் (ஹெலி திரும்புவதை உணர்ந்து வால் சர்வோவுக்குக் கட்டளை தரும் கருவி) கெயினை, அதாவது அது எவ்வளவு வலுவாகத் திருத்துகிறது என்ற அளவை, படிப்படியாகக் குறைத்துப் பார்த்திருக்கிறார்கள். வால் சர்வோவை (வால் பிளேடின் கோணத்தை மாற்றும் சிறு மோட்டார்) மாற்றியிருக்கிறார்கள். பிறகு கைரோவையே மாற்றியிருக்கிறார்கள். எதற்கும் பலன் இல்லை. வால் ஆடினால் கை முதலில் கெயின் பக்கம் போவது இயல்புதான். ஆனால் கைரோ வெறும் உணரி. பெல்ட் நழுவினாலும், மோட்டார் விக்கினாலும், புஷ்ராடு (சர்வோவையும் வாலையும் இணைக்கும் கம்பி) உரசினாலும் அது கடைசியில் வாலில்தான் தெரியும். கைரோ அமைப்பைத் தொடுவது கடைசி வேலையாக இருக்க வேண்டும் என்பதற்கு இந்த ஹெலி நல்ல சான்று.

இயந்திரத்தின் விவரம்

இரண்டு பிளேடு, ஃப்ளைபார் (ரோட்டாரை நிலைப்படுத்தும் குறுக்குக் கம்பி) இல்லாத தலை. 325 மி.மீ. பிளேடுகள். மெயின் கியர் 150 பல், பினியன் (மோட்டார் ஷாஃப்டில் உள்ள சிறு பல்சக்கரம்) 13 பல். வால் பெல்ட்டில் ஓடுகிறது. முன்புறம் 106 பல்லுக்கு 25 பல், அதாவது மெயின் ரோட்டார் ஒரு சுற்று சுற்றினால் வால் ரோட்டார் 4.24 சுற்று. மோட்டார் 3,500 கே.வி. (சுமையில்லாமல் ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்துக்கு 3,500 சுற்று) அவுட்ரன்னர் (வெளிப்பகுதி சுழலும் வகை), 3 செல் 2,200 எம்.ஏ.எச். லிப்போ, 40 ஆம்பியர் ஈ.எஸ்.சி. (மோட்டாரின் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி). அதனுள்ளேயே லீனியர் வகை பி.இ.சி. (ரிசீவருக்கும் சர்வோக்களுக்கும் மின்சாரம் தரும் பகுதி). கூடில்லாமல் பேட்டரியோடு 780 கிராம் இருந்தது, கூடு சேர்ந்து 1,080 கிராம் ஆகிவிட்டது. ஸ்கேல் (நிஜ ஹெலி போன்ற) தோற்றத்துக்காகக் கவர்னரில் (வேகத்தை நிலையாகப் பிடிக்கும் அமைப்பு) தலை வேகத்தை, அதாவது மெயின் ரோட்டாரின் வேகத்தை, 1,900 ஆர்.பி.எம். என்று வைத்திருந்தார்கள்.

மூக்கு போகும் திசை

கோளாறு தேடும்போது இந்த ஒரு கவனிப்பு பாதி வேலையை மிச்சப்படுத்தும். பெரும்பாலான ஆர்.சி. ஹெலிகளில் மெயின் ரோட்டார் மேலிருந்து பார்த்தால் கடிகாரச் சுற்றில் சுற்றும். அதன் எதிர்வினை முறுக்குவிசை உடலை எதிர்த்திசையில் திருப்பப் பார்க்கும், அதாவது மூக்கு இடப்பக்கம் போகப் பார்க்கும். வால் ரோட்டார் வாலை இடப்பக்கம் தள்ளி மூக்கை வலப்பக்கம் இழுத்துப் பிடித்து வைத்திருக்கிறது.

ஆகவே திடீரென மூக்கு இடப்பக்கம் வெட்டினால், ஒன்று வாலின் தள்ளுவிசை குறைந்திருக்கிறது, அல்லது வால் தாங்க முடியாத அளவுக்கு முறுக்குவிசை ஏறியிருக்கிறது. தேட வேண்டிய இடங்கள் பெல்ட், வால் புல்லி, வால் பிட்ச்சின் (பிளேடின் சாய்கோணம்) எல்லை, தலை வேகம். மூக்கு வலப்பக்கம் உதறினால் கதை நேர் எதிர். வால் நன்றாகத் தள்ளிக்கொண்டிருக்கிறது, அது எதிர்த்து நிற்க வேண்டிய முறுக்குவிசை காணாமல் போய்விட்டது. அப்போது பார்க்க வேண்டியவை ஈ.எஸ்.சி., மோட்டார் ஒயர், பினியன் ஸ்க்ரூ, ஒருவழி பியரிங் (மோட்டார் நின்றாலும் ரோட்டாரைத் தானே சுற்றவிடும் பியரிங்). கைரோ ஒரு நொடிக்குள் சரிசெய்துவிடும் என்பதால் உதறல் சின்னதாகத் தெரியலாம். போனில் வீடியோ எடுத்து மெதுவாக ஓட்டிப் பார்த்தால் திசை தெளிவாகத் தெரியும், மோட்டார் சத்தமும் சேர்ந்து கிடைக்கும்.

இந்த ஹெலியில் இரண்டு திசையும் இருந்தது. ஏற்றும்போது இடம், நான்காவது நிமிடத்தில் வலம். ஒரே காரணம் இரண்டையும் செய்ய முடியாது. ஆகவே குறைந்தது இரண்டு கோளாறு இருக்கிறது, தனித்தனியாகத்தான் தேட வேண்டும் என்பது ஸ்க்ரூ டிரைவரை எடுப்பதற்கு முன்பே முடிவாகிவிட்டது.

கூட்டைக் கழற்றிப் பார்த்தது

அடுத்த வேலை கூட்டைக் கழற்றி, மெக்கானிக்ஸை அதன் சொந்த ஸ்கிட்டில் (தரையில் நிற்கும் கால்கள்) நிறுத்தி, வேறு எதையும் மாற்றாமல் பறக்கவிடுவது. அதே பேட்டரி, அதே கெயின், அதே கவர்னர். மெதுவான ஆட்டம் பெரும்பாலும் மறைந்தது. மூக்கு இடப்பக்கம் வெட்டுவது அப்படியே இருந்தது. மோட்டார் விக்குவது நான்காவது நிமிடத்துக்குப் பதில் ஆறாவது நிமிடத்தில் வந்தது.

இதிலிருந்து ஆட்டத்துக்குக் கூட்டோடு தொடர்பு உண்டு என்று தெரிந்தது. இடவெட்டு மெக்கானிக்ஸிலேயே இருக்கிறது. விக்கலுக்குச் சூடு காரணம் அல்லது துணை, காற்றோட்டம் கிடைத்ததும் அது தள்ளிப்போகிறது.

இடவெட்டு: பெல்ட்டும் பூமும்

'டக்' சத்தம் பெல்ட் பல் தாண்டுவதன் அடையாளம். பிரேமில் இருக்கும் ஓட்டை வழியாக ஆலன் கீயை விட்டு, பெல்ட்டின் ஒரு பக்கத்தை உள்நோக்கி அழுத்திப் பார்த்தால் அது எதிர்ப்பக்கத்தைத் தொடக் கூடாது. இங்கே லேசான அழுத்தத்திலேயே தொட்டது. ஆனால் கட்டும்போது இறுக்கம் சரியாகத்தான் இருந்தது என்று சொல்லப்பட்டது. அப்படியானால் இறுக்கம் எங்கே போனது?

பூமை (வாலைத் தாங்கும் நீளக் குழாய்) சுற்றி, கிளாம்ப் பிடிக்கும் விளிம்பில் மார்க்கரால் கோடு போட்டு, ஒரு பேட்டரி ஓட்டிவிட்டுப் பார்த்ததும் பதில் கிடைத்தது. கோடு ஒன்றரை மில்லிமீட்டர் முன்னால் நகர்ந்து கிளாம்புக்குள் போயிருந்தது. கூடில்லாத ஹெலியில் பிரேமிலிருந்து பூமுக்குப் போகும் இரண்டு தாங்கு கம்பிகள் பூமை இடத்தில் வைத்திருக்கும். ஸ்கேல் கூட்டின் ஒல்லியான வால்பகுதிக்குள் அந்தக் கம்பிகளுக்கு இடமில்லை என்று கழற்றிவிடுகிறார்கள். அதற்குப் பின் பூமை நிறுத்துவது பிளாஸ்டிக் கிளாம்ப் மட்டும்தான். பெல்ட்டின் இழுவை இரவும் பகலும் பூமை முன்னால் இழுத்துக்கொண்டிருக்கிறது. மூடிய கூட்டுக்குள் மோட்டார் சூட்டில் கிளாம்பின் பிளாஸ்டிக் கொஞ்சம் தளர்ந்தாலும் பூம் நகர்ந்துவிடும். பூம் நகர நகர பெல்ட் தளரும், ஒரு கட்டத்தில் சுமை ஏறும்போது பல் தாண்டும்.

பெல்ட்டை வெளியே எடுத்தபோது பல்லின் ஒரு பக்கம் பளபளவென்று தேய்ந்திருந்தது, ஓரத்தில் நூல் பிரிந்திருந்தது. பல் தாண்டிய பெல்ட்டை மறுபடி இறுக்கிப் பயன்படுத்தக் கூடாது. புதிது 450-க்கு மலிவாகவே கிடைக்கிறது. கூடவே பின்புல்லியின் பின்னையும், வால் ஷாஃப்டில் புல்லி சுழல்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். இங்கே அது சரியாக இருந்தது.

செய்த மாற்றம் இது. கிளாம்பின் உட்புறத்தையும் பூமின் முனையையும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து எண்ணெய்ப் பசை எடுத்தாயிற்று. கிளாம்புக்குள் ஒரு சுற்று அலுமினியம் டேப் ஒட்டி, பிடிப்பைக் கூட்டியாயிற்று. கூட்டின் வால்பகுதியில் இரண்டு இடத்தில் 3 மி.மீ. பால்சா வளையம் வெட்டி ஒட்டி, பூமுக்கும் வளையத்துக்கும் நடுவில் மெல்லிய ரப்பர் ஃபோம் வைத்தாயிற்று. பூம் இனி கூட்டின் உள்ளே தனியாக ஊசலாடாது. புது பெல்ட்டைப் போடும்போது அது முறுக்கிக்கொண்டு போகும் திசையைக் கவனிக்க வேண்டும். 90 டிகிரி திருப்பம் தப்பாகப் போனால் வால் ரோட்டார் தலைகீழாகச் சுற்றும். கையால் மெயின் ரோட்டாரை அதன் ஓடும் திசையில் திருப்பிப் பார்த்து, வால் பிளேடின் தடித்த விளிம்பு முன்னால் போகிறதா என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும். ஒவ்வொரு முறை பெல்ட்டை எடுத்துப் போடும்போதும் இதைச் செய்யலாம், பத்து நொடிதான்.

பெல்ட் ஓடும் ஹெலிகளுக்கு உரிய இன்னொரு தொல்லையும் உண்டு. உலர்ந்த காற்றில் ரப்பர் பெல்ட் பூமுக்குள் ஓடி ஓடி நிலைமின்சாரம் சேர்க்கும். அது எங்காவது பாய்ந்தால் கைரோவோ சர்வோவோ ஒரு கணம் துடிக்கும், காரணமே இல்லாமல் வால் வெட்டியதுபோல் இருக்கும். பூமிலிருந்து மோட்டார் மவுண்ட் வரை மெல்லிய ஒயர் ஒன்றைப் போட்டுவிட்டால் போதும். பூம் ஆனடைஸ் செய்யப்பட்டதாக இருந்தால் அந்தப் பூச்சு மின்சாரத்தைக் கடத்தாது. ஒயர் தொடும் இடத்தைச் சுரண்டிவிட வேண்டும். இந்த ஹெலியில் அந்த அறிகுறி இல்லை. பூம் வெளியே இருக்கும்போதே ஒயரைப் போட்டுவைப்பது சுலபம் என்பதால் போடப்பட்டது.

பெல்ட் மாற்றிய பின்னும் மிச்சமிருந்தது

'டக்' போய்விட்டது. ஆனாலும் முழு ஏற்றத்தில் மூக்கு மெதுவாக இடப்பக்கம் வழுக்கியது. இது வெட்டு இல்லை, வாலுக்குத் தெம்பு போதாமை.

இதற்கு மூன்று காரணம் சேர்ந்திருந்தது. முதலாவது தலை வேகம். வால் ரோட்டாரின் தள்ளுவிசை வேகத்தின் இருமடியில் மாறும். சாதாரண 450 ஒன்றில் 2,500 ஆர்.பி.எம். வைத்தால் வால் 10,600-இல் சுற்றும். 1,900-இல் வைத்தால் 8,056 தான். அதே பிட்ச்சில் கிடைக்கும் விசை ஏறத்தாழ 58 சதவீதமாகச் சுருங்கிவிடுகிறது. வால் எதிர்க்க வேண்டிய முறுக்குவிசை அந்த அளவுக்குச் சுருங்குவதில்லை. எடை 300 கிராம் கூடியிருக்கும்போது அது ஏறவும் செய்யும். ஸ்கேல் ஹெலியை ஆடம்பரமாக மெதுவாகச் சுற்ற வைக்க ஆசைப்படுபவர்கள் முதலில் இந்தக் கணக்கைப் பார்த்துவிட வேண்டும்.

இரண்டாவது ஜெட்ரேஞ்சரின் வடிவமே. உண்மையான பெல் 206-இல் மெயின் ரோட்டார் மேலிருந்து பார்த்தால் கடிகாரத்துக்கு எதிர்ச்சுற்று. இரண்டு பிளேடு வால் ரோட்டார் இடப்பக்கம் இருக்கும். அங்கே வாலை வலப்பக்கம் தள்ள வேண்டும், ஆகவே வால் ரோட்டார் காற்றை இடப்பக்கம், செங்குத்துத் துடுப்பை விட்டு விலகி வெளியே வீசுகிறது. நம் மெக்கானிக்ஸில் மெயின் ரோட்டார் கடிகாரச் சுற்று. தோற்றம் அச்சாக இருக்க வேண்டும் என்று வால் ரோட்டாரை இடப்பக்கமே வைத்தால், அது காற்றை வலப்பக்கம், நேராகத் துடுப்பின்மீதே வீசும். தள்ளுவிசையில் ஒரு பகுதி துடுப்பைத் தள்ளுவதிலேயே வீணாகிறது. துடுப்பு அகலமாக, வால் ரோட்டாருக்கு நெருக்கமாக இருக்க இருக்க இழப்பு கூடும். துடுப்பைச் சின்னதாக வெட்ட யாருக்கும் மனம் வராது. ஆகவே இழப்பை ஏற்றுக்கொண்டு வேறு இடத்தில் ஈடுசெய்ய வேண்டும். பிரெஞ்சு வழி ஹெலிகள் இந்த விஷயத்தில் ஆர்.சி.க்குத் தோதானவை. அலுவெட் 3, அதை உரிமம் பெற்று ஹெச்.ஏ.எல். கட்டிய சேத்தக் போன்றவற்றின் மெயின் ரோட்டார் நிஜத்திலேயே கடிகாரச் சுற்றில் போகிறது.

மூன்றாவது யாரோ வைத்துவிட்ட எல்லை. வால் சர்வோவின் பயண எல்லை 70 சதவீதத்தில் இருந்தது. புஷ்ராடு கூட்டில் இடித்ததால் எல்லையைக் குறைத்து இடிப்பை நிறுத்தியிருக்கிறார்கள். வால் ஸ்லைடர் (ஷாஃப்டில் நகர்ந்து வால் பிளேடின் பிட்ச்சை மாற்றும் துண்டு) இருபுறமும் இடிக்காமல் போகக்கூடிய முழுத் தூரம் வரை எல்லை இருக்க வேண்டும். இடித்தால் இடிக்கும் பொருளைச் சரிசெய்ய வேண்டும்.

தலை வேகத்தை 2,050-க்கு உயர்த்தியதில் மட்டும் வால் விசை 16 சதவீதம் கூடியது. வால் ரோட்டாரின் விட்டம் 150-லிருந்து 160 மி.மீ. ஆகும்படி பிளேடு மாற்றியதில் இன்னும் ஐந்தில் ஒரு பங்கு. நீளப் பிளேடு போட்டால் துடுப்போடும், அடியில் இருக்கும் வால் காப்புக் கம்பியோடும் இடைவெளி மீதமிருக்கிறதா என்று பிளேடை மடக்கி, நீட்டி, கையால் துடுப்புப் பக்கம் வளைத்துப் பார்க்க வேண்டும். வால் பிளேடின் ஸ்க்ரூவை இறுக்கமாக முடுக்கக் கூடாது. வாலைச் செங்குத்தாகத் தூக்கினால் பிளேடு தன் எடையில் மெதுவாகத் தொங்கும் அளவு போதும், ஓடும்போது தானாக நேர்ப்படும்.

மெதுவான ஆட்டம்

வால் ஆட்டம் இரண்டு வகை. மிக வேகமான, விர்ரென்று அதிரும் ஆட்டம் என்றால் பெரும்பாலும் கெயின் அதிகம். மெதுவான ஆட்டம் என்றால் கைரோவின் கட்டளைக்கும் வால் பிளேடுக்கும் நடுவில் எங்கோ தாமதம் இருக்கிறது. உரசல், லிங்க் இறுக்கம், மெதுவான சர்வோ, ஸ்லைடர் ஆட்டம் எல்லாம் இதில் வரும். மெதுவான ஆட்டத்தில் கெயினைக் குறைத்தால் ஆட்டம் கொஞ்சம் அடங்கினதுபோல் தோன்றும். வாலின் பிடிப்பு போய்விடும்.

புஷ்ராடை சர்வோவின் பால் லிங்கிலிருந்து கழற்றி, விரலால் முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்தபோது எங்கும் பிடிக்கவில்லை. ஹெலியை மூக்கு மேலே இருக்கும்படி நிறுத்தினால் புஷ்ராடும் ஸ்லைடரும் தம் எடையிலேயே வழுக்கி இறங்கின. கூட்டை மாட்டிவிட்டு அதே சோதனையைச் செய்தபோது இறங்கவில்லை. வால்பகுதியின் தடுப்பில் போட்ட ஓட்டையின் ஓரத்தில் புஷ்ராடு உரசிக்கொண்டிருந்தது. மேசையில் வைத்துச் சோதித்தால் இது கண்ணில் படாது, கூட்டைப் போட்டுத்தான் பார்க்க வேண்டும். ஓட்டையை 8 மி.மீ.க்குப் பெரிதாக்கி, புஷ்ராடுக்கு நடுவில் இரண்டு தாங்கு வளையம் கொடுத்ததும் உரசல் போனது. வளையங்கள் ஒரே நேர்க்கோட்டில் இல்லாவிட்டால் அவையே புது உரசலாகிவிடும். பசை காயும் முன் புஷ்ராடை ஓட்டிப் பார்த்து இடம் தீர்மானிக்க வேண்டும்.

அதற்குப் பின்னும் ஆட்டத்தின் சாயல் இருந்தது. இம்முறை காதால் பிடிபட்டது: வால் ஆடும் தாளத்திலேயே மோட்டார் சத்தமும் ஏறி இறங்கியது. கவர்னரை அணைத்துவிட்டு, டிரான்ஸ்மிட்டரில் திராட்டில் (மோட்டாருக்குத் தரும் சக்தி) வளைவை 70 சதவீதத்தில் சமமாக வைத்துப் பறக்கவிட்டால் ஆட்டம் சுத்தமாக நின்றது. கவர்னர் வேகத்தைத் துரத்தித் துரத்தி அளவு தாண்டிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு முறை வேகத்தைத் தூக்கும்போதும் முறுக்குவிசை ஏறி மூக்கை இடப்பக்கம் தள்ளும், விடும்போது வலப்பக்கம். கைரோ பாவம், அதன் பின்னாலேயே ஓடிக்கொண்டிருந்தது. கவர்னரின் கெயினை இரண்டு படி குறைத்ததும் சத்தம் சமமானது. கவர்னரைச் சோதிக்க இந்தச் சமவளைவு முறையைவிட எளிய வழி இல்லை.

வலவெட்டு: மோட்டார்

மூக்கு வலப்பக்கம் உதறியதால் மோட்டார் வழியில் தேடல். பினியன் ஸ்க்ரூ ஷாஃப்டின் தட்டையான இடத்தில்தான் உட்கார்ந்திருந்தது, நழுவிய கீறல் இல்லை. ஒருவழி பியரிங்கைச் சோதிக்க மெயின் கியரைப் பிடித்துக்கொண்டு ரோட்டாரைத் திருப்ப வேண்டும். ஓடும் திசையில் தடையில்லாமல் போக வேண்டும், எதிர்த்திசையில் கெட்டியாகப் பிடிக்க வேண்டும். பிடித்தது. ஒருவழி பியரிங் நழுவினால் மோட்டார் சத்தம் திடீரென்று உயரும், தலை வேகம் இறங்கும். இங்கே மோட்டார் சத்தமே அடங்கியது, ஆகவே அது காரணமாக இருக்க முடியாது என்று வீடியோவின் ஒலியே சொல்லியிருந்தது.

கிளப்பும்போது நடுங்குவதும், சூடான பின் விக்குவதும் சேர்ந்து வந்தால் மூன்று மோட்டார் ஒயர்களில் ஒன்றைச் சந்தேகிக்க வேண்டும். உணரியில்லாத பிரஷ்லெஸ் மோட்டாரில் ஒரு பேஸ் (மூன்று ஒயர் வழிகளில் ஒன்று) சரியாகக் கிடைக்காவிட்டால் ஈ.எஸ்.சி.க்கு ரோட்டாரின் நிலை தெரியாது. அது நடுங்கும், அல்லது ஒத்திசைவு இழந்து விக்கும். இந்தச் சுருள்களின் மின்தடை மிகமிகக் குறைவு என்பதால் சாதாரண மல்டிமீட்டர் நல்லதையும் கெட்டதையும் ஒரேபோல் காட்டும். கையால் செய்யும் சோதனை நம்பகமானது. பினியனை மெயின் கியரிலிருந்து விலக்கி, மோட்டாரின் புல்லட் கனெக்டர்களில் இரண்டிரண்டாகச் சேர்த்துப் பிடித்து மோட்டார் மணியை (சுழலும் வெளி உறை) விரலால் சுழற்ற வேண்டும். சேர்த்த ஜோடி நன்றாக இருந்தால் சுழற்றக் கெட்டியாக இருக்கும். மூன்று ஜோடிக்கும் கெட்டித்தனம் ஒன்றாக இருக்க வேண்டும். இங்கே மூன்றாவது ஒயர் சேர்ந்த இரண்டு ஜோடியும் இளகலாக இருந்தன. அந்த ஒயரைக் கனெக்டர் ஓரத்தில் வளைத்தால் இளக்கம் கூடியது.

அந்த 3.5 மி.மீ. கனெக்டரின் சுருங்கு குழாய் பழுப்பேறியிருந்தது. உரித்துப் பார்த்ததில் ஈயம் மேலாக ஒட்டியிருந்ததே தவிர உள்ளே பிடிக்கவில்லை. கூட்டுக்குள் இடம் போதாமல் மோட்டார் ஒயர்களை வெட்டிக் குட்டையாக்கியிருக்கிறார்கள். பல அவுட்ரன்னர்களில் வெளியே வரும் ஒயர் என்பது சுருளின் செம்புக் கம்பிகளேதான், ஒவ்வொரு இழைமேலும் எனாமல் பூச்சு உண்டு. தயாரிப்பாளர் முனையில் மட்டும் எனாமலை நீக்கி ஈயம் பூசித் தருகிறார். முனையை வெட்டிவிட்டு அப்படியே ஈயம் வைத்தால் பத்து இழையில் இரண்டோ மூன்றோதான் மின்சாரம் கடத்தும். குளிர்ந்த நிலையில் அது சமாளிக்கும், சூடு ஏறினால் கைவிடும். ஸ்கேல் ஹெலி கட்டுபவர்கள் மோட்டார் ஒயரை வெட்டவே கூடாது என்பதுதான் எங்கள் உறுதியான கருத்து. இடமில்லை என்றால் ஈ.எஸ்.சி. பக்க ஒயரை வெட்டலாம், அது சாதாரண சிலிக்கான் ஒயர்.

வெட்டியாகிவிட்டால் வழி இது. ஒயரை 10 மி.மீ. திறந்து, இழைகளைப் பிரித்து, ஒவ்வொன்றையும் பிளேடாலோ 400 எண் உப்புத்தாளாலோ செம்பு பளபளக்கும்வரை சுரண்ட வேண்டும். ஃப்ளக்ஸ் தடவி, 60 வாட்டுக்குக் குறையாத சோல்டரிங் அயனால் ஈயம் இழைகளுக்குள் ஊறும்படி பூசி, பிறகு கனெக்டரில் உட்கார்த்த வேண்டும். மூன்று ஒயரும் அதே நிலையில்தான் இருக்கும், ஆகவே மூன்றையும் செய்ய வேண்டும். முடித்ததும் விரல் சோதனையை மறுபடி செய்து பார்த்தபோது மூன்று ஜோடியும் ஒரே கெட்டியாக இருந்தன.

சூடும் பினியனும்

விக்கல் நின்றது. ஆனால் இறக்கியவுடன் அகச்சிவப்பு வெப்பமானியில் மோட்டார் மணி 88 டிகிரி காட்டியது. சாதாரண தர நியோடிமியம் காந்தங்களுக்கு 80 டிகிரி செல்சியஸ்தான் எல்லை. அதைத் தாண்டி ஓட்டினால் காந்தம் நிரந்தரமாக வலுவிழக்கத் தொடங்கும். வலுவிழந்த மோட்டாரின் கே.வி. கூடும், ஒரு ஆம்பியருக்குக் கிடைக்கும் முறுக்குவிசை குறையும், அதே வேலைக்கு அதிக மின்னோட்டம் இழுக்கும், இன்னும் சூடாகும். மேலே கோடை, உள்ளே மூடிய கூடு என்றால் இந்தச் சுழலுக்குள் போவது மிகச் சுலபம்.

பினியன் கணக்கைப் பார்க்கலாம். 11.1 வோல்ட்டை 3,500-ஆல் பெருக்கினால் 38,850. சுமையில் 85 சதவீதம் என்று எடுத்தால் 33,000 சொச்சம். 150-க்கு 13 என்றால் விகிதம் 11.54, தலை வேகம் 2,860 வரை போகும். அதை 1,900-இல் பிடித்து வைக்க ஈ.எஸ்.சி. மூன்றில் இரண்டு பங்கு திராட்டிலில் வெட்டி வெட்டி ஓட வேண்டியிருக்கிறது. அரைகுறைத் திராட்டிலில் மோட்டார் இழுக்கும் மின்னோட்டம் துடிப்புகளாகப் போகும், ஈ.எஸ்.சி.யும் மோட்டாரும் செய்யும் வேலைக்கு மிஞ்சிச் சூடாகும். 11 பல் பினியன் போட்டால் விகிதம் 13.64, உச்சம் 2,420. 2,050 என்பது அதில் 85 சதவீதம். கவர்னருக்கு மேலே கொஞ்சம் இடமும் இருக்கிறது. 10 பல் போட்டால் உச்சம் 2,200-தான். பேட்டரி இறங்கும்போது கவர்னருக்குத் தூக்க மிச்சம் இருக்காது. ஆகவே 11.

பினியன் மாற்றும்போது மோட்டாரை நகர்த்துகிறோம், பல் இடைவெளி மாறும். நோட்டுத் தாளில் ஒரு துண்டு கிழித்துப் பினியனுக்கும் மெயின் கியருக்கும் நடுவில் ஓட்டி, மோட்டாரை அழுத்திப் பிடித்து ஸ்க்ரூ முடுக்கி, தாளைச் சுற்றி வெளியே எடுத்தால் இடைவெளி சரியாக வரும். பிறகு மெயின் கியரை ஒரு முழுச் சுற்று சுற்றி, எந்த இடத்திலும் கடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். கடித்தால் அந்த இடத்தை வைத்தே மறுபடி அமைக்க வேண்டும். பினியன் ஸ்க்ரூவுக்கு நீல லாக்டைட் (ஸ்க்ரூ தளராமல் பிடிக்கும் பசை) ஒரு சொட்டு, ஆல்கஹாலால் துடைத்த பின்.

கூட்டுக்கும் மூச்சு வேண்டும். மூக்கின் அடியில் காற்று உள்ளே வர ஓர் ஓட்டை, பின்னால் புகைபோக்கி இருக்கும் இடத்தில் வெளியே போக அதைவிடப் பெரிய ஓட்டை. ஜெட்ரேஞ்சருக்கு நிஜத்திலேயே அந்த இடங்களில் திறப்பு உண்டு, கூட்டில் வெறும் கறுப்பு பெயிண்டாக இருப்பதை வெட்டித் திறந்தால் தோற்றம் கெடாது. பினியனும் ஓட்டையும் சேர்ந்து மோட்டாரை 66 டிகிரிக்கு இறக்கின.

பி.இ.சி.யையும் விட்டுவைக்கவில்லை. லீனியர் வகை மிச்ச வோல்ட்டேஜைச் சூடாகவே எரிக்கிறது. 11.1-லிருந்து 5 வோல்ட்டுக்கு இறக்கி, டிஜிட்டல் சர்வோக்கள் நான்கும் 1.5 ஆம்பியர் இழுத்தால் 9 வாட் சூடு, அதுவும் ஈ.எஸ்.சி.யின் உள்ளேயே. அது அணைந்தால் மோட்டார் மட்டும் அல்ல, ரிசீவரும் கைரோவும் சேர்ந்து போகும். 5 ஆம்பியர் ஸ்விட்சிங் பி.இ.சி. தனியாகப் போட்டு, ஈ.எஸ்.சி.யிலிருந்து ரிசீவருக்குப் போகும் பிளக்கின் சிவப்பு ஒயரை மட்டும் பிளக்கிலிருந்து உருவி, டேப் சுற்றி ஒதுக்கியாயிற்று.

கைரோ, கடைசியாக

மூன்று மோட்டார் ஒயரில் இரண்டைக் கழற்றிவிட்டு இந்த வேலையைச் செய்ய வேண்டும். தவறிக் கிளம்பினால் விரல் போகும். சப்-டிரிம் (சர்வோவின் நடுநிலைத் திருத்தம்) பூஜ்யம். ரேட் மோடில் (கைரோ திரும்பும் வேகத்தை மட்டும் தடுக்கும் நிலை) சர்வோ கை புஷ்ராடுக்கு 90 டிகிரி. புஷ்ராடின் நீளத்தைத் திருகி, வால் பிளேடுகள் மூக்கை வலப்பக்கம் இழுக்கும் திசையில் 6 முதல் 8 டிகிரி பிட்ச் பெறும்படி வைத்தாயிற்று. கைரோவின் கையேடு வேறு சொன்னால் அதுவே சரி. ஹெலியைக் கையில் தூக்கி மூக்கை இடப்பக்கம் திருப்பினால் சர்வோ மூக்கை வலப்பக்கம் இழுக்கும் திசையில் நகர வேண்டும். எதிராக நகர்ந்தால் கிளப்பிய நொடியே ஹெலி பம்பரமாகச் சுழலும். எல்லை இருபுறமும் இடிக்காத முழுத் தூரத்துக்கு வைக்கப்பட்டது.

ரேட் மோடில் ஹோவர் செய்து, மூக்கு நகர்ந்தால் இறக்கி, புஷ்ராடையே அரைச் சுற்று திருகிச் சரிசெய்த பிறகுதான் ஹெடிங் ஹோல்டுக்கு (மூக்கின் திசையையே பிடித்து வைக்கும் நிலை) மாறியது. முன்பு குறைத்துக்கொண்டே வந்த கெயினை, வால் விர்ரென்று அதிரத் தொடங்கும்வரை ஏற்றி, அங்கிருந்து 5 புள்ளி இறக்கி நிறுத்தியாயிற்று. கைரோவின் ஒயர்கள் கூட்டின் சுவரில் அழுந்தாமல் தளர்வாக விட வேண்டும். அழுந்தினால் அடியில் இருக்கும் ஃபோம் டேப்புக்கு அர்த்தமில்லாமல் போய்விடும், கூட்டின் அதிர்வு முழுவதும் கைரோவுக்கு ஏறும்.

மாற்றங்களுக்குப் பின் ஏற்றத்தில் மூக்கு நகரவில்லை, ஹோவரில் ஆட்டம் இல்லை, ஆறு நிமிடம் முழுவதும் மோட்டார் சத்தம் ஒரே சுருதி. துடுப்பின் நுனியில் மட்டும் மெல்லிய மங்கல் தெரிந்தது. வால் 8,700 ஆர்.பி.எம்.க்குப் பக்கத்தில் ஓடுவதால் நொடிக்கு 145 அதிர்வு, கண்ணுக்கு அசைவாகத் தெரியாது, மங்கலாகத்தான் தெரியும். மெயின் ரோட்டாரின் அதிர்வு நொடிக்கு 34 தான். அது ஸ்கிட்டில் நடுக்கமாகத் தெரிந்திருக்கும். ஆகவே வால் பிளேடுகளைக் கழற்றி, ஒரே போல்ட்டில் எதிரெதிராக மாட்டி, இரண்டு கண்ணாடித் தம்ளர் விளிம்பில் போல்ட்டை வைத்துச் சமன் பார்த்து, லேசான பிளேடுக்கு நுனியில் ஒரு துண்டு டேப் ஒட்டியதும் மங்கல் போனது. கூடவே வால் கிரிப்பின் (பிளேடைப் பிடிக்கும் துண்டு) திரஸ்ட் பியரிங்கை (பிளேடின் வெளிநோக்கிய இழுவையைத் தாங்கும் பியரிங்) திறந்து பார்த்ததில் வளையங்கள் சரியாகவே இருந்தன: உள்துளை பெரிதான வளையம் ஹப் பக்கம், சிறிதானது வெளிப்பக்கம். மாற்றிப் போட்டிருந்தால் சுமையில் கிரிப் திரும்பாமல் இறுகி, மெதுவான ஆட்டத்தை மறுபடி கொண்டுவந்திருக்கும்.

புது பெல்ட் முதல் சில பறத்தலில் கொஞ்சம் படியும், அதனால் ஐந்தாவது பேட்டரிக்குப் பின் ஓட்டை வழியாக ஆலன் கீயை விட்டு மறுபடி பார்க்க வேண்டும். பூமின் மார்க்கர் கோட்டை அழிக்காமல் விட்டிருக்கிறது. கூட்டின் அடியில் வெட்டிய காற்று ஓட்டை வழியாகவே டார்ச் அடித்து அதைப் பார்த்துவிடலாம், எதையும் கழற்றத் தேவையில்லை.